கானக மண் கணக்கெடுப்பில் துறுகற்கள்: அளவையும் நோக்கமும் – ஒரு வரலாற்று ஆய்வு

முன்னுரை

ஒரு நாட்டின் காடுகளைக் கணக்கெடுப்போர் மரங்களை எண்ணுவர். அவற்றின் உயரத்தையும் பருமனையும் அளப்பர். மரம் வேரூன்றிய நிலத்தின்மீது கிடக்கும் பெருங்கற்களையும் எண்ணிப் பதிவு செய்ய வேண்டும் என்னும் வழக்கம் வடபுல நாடுகளில் சென்ற நூற்றாண்டில் உருவாயிற்று. அவ்வழக்கம் எத்தேவையால் தோன்றியது, எண்ணும் முறை ஏன் காலந்தோறும் மாறியது, பழைய பதிவுகளை இன்று எவ்வாறு பயன்படுத்துவது என்னும் வினாக்களுக்கு விடை காண முயல்வது இக்கட்டுரை. சுவீடன், பின்லாந்து ஆகிய இரு நாடுகளின் கானகக் கணக்கெடுப்பு இதன் முதன்மைக் களம். அமெரிக்க மண்ணாய்வு நெறியும் ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை நிறுவனத்தின் நெறியும் ஒப்பீட்டிற்காக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

கல்லைக் குறித்த ஒவ்வோர் எண்ணும் அதனைக் கேட்டவரின் தேவையால் வரையறுக்கப்பட்டது. அத்தேவையை அறியாது ஒரு காலத்தின் எண்ணை மற்றொரு காலத்தின் கணக்கில் சேர்ப்பது பிழைக்கு இடந்தரும் என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

துறுகல்: சொல்லும் வரையறையும்

நிலத்தின்மீது தனித்துக் கிடக்கும் பெருங்கல்லைக் குறிக்கத் தமிழில் ‘துறுகல்’ என்னும் பழஞ்சொல் உண்டு. குறுந்தொகையின் 13ஆம் பாடலில் பெருமழையில் நனைந்த துறுகல்லைக் கழுவிவிடப்பட்ட யானைக்கு ஒப்பிடுகிறார் கபிலர். அதே நூலின் 47ஆம் பாடலில் வேங்கைப் பூ உதிர்ந்த துறுகல் புலிக்குட்டியாகத் தோன்றுகிறது. யானை முதல் புலிக்குட்டி வரை விரியும் அளவுடைய பொருளை ஒரே சொல் தாங்கி நிற்கிறது. பாட்டிற்கு அவ்விரிவு வளம் சேர்க்கிறது. கணக்கெடுப்பாளருக்கு அவ்விரிவே இடர்ப்பாடு. எத்தனை சென்டிமீட்டருக்கு மேற்பட்டது துறுகல் என்று அவர் வரையறுத்தாக வேண்டும்.

அவ்வரையறையும் ஒன்றாக அமையவில்லை. சுவீடனின் கால்மர் நகரில் பணியாற்றிய வேதியியலாளர் ஆல்பர்ட் அட்டர்பெர்க் (1846–1916), மண்துகள்களைப் பத்தின் மடங்குகளில் பகுத்தார். 2 மி.மீ. முதல் 2 செ.மீ. வரை பரல், 2 செ.மீ. முதல் 20 செ.மீ. வரை கல், 20 செ.மீ.க்கு மேற்பட்டது துறுகல். அமெரிக்க நிலவியலாளர் வென்ட்வொர்த் 1922இல் வெளியிட்ட அளவுகோலில் துறுகல்லின் கீழ்எல்லை 256 மி.மீ. அமெரிக்க மண்ணாய்வு நெறியில் 25 செ.மீ. முதல் 60 செ.மீ. வரையுள்ளது ‘கல்’ எனவும், 60 செ.மீ.க்கு மேற்பட்டதே துறுகல் எனவும் கொள்ளப்படும். உணவு வேளாண்மை நிறுவனம் 2006இல் வெளியிட்ட மண் விளக்க வழிகாட்டி 20 செ.மீ. முதல் 60 செ.மீ. வரையுள்ளதைத் துறுகல் என்றும், அதற்கு மேற்பட்டதைப் பெருந்துறுகல் என்றும் பகுக்கிறது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 40 செ.மீ. விட்டமுடைய ஒரு கல் அட்டர்பெர்க், வென்ட்வொர்த், உணவு வேளாண்மை நிறுவனம் ஆகிய மூவர் கணக்கிலும் துறுகல். அமெரிக்க மண்ணாய்வாளர் ஏட்டில் அது துறுகல் அன்று. 22 செ.மீ. கல்லோ அட்டர்பெர்க் வழியினருக்குத் துறுகல், வென்ட்வொர்த் வழியினருக்கு அன்று. ஒரே காட்டை இருவர் அளந்து இருவேறு எண் தருவரெனின், இருவருமே பிழையின்றி அளந்திருக்கக்கூடும். எனவே கல்லைப் பற்றிய எப்பதிவையும் படிக்குமுன் அதன் சொல் எவ்வரையறையைச் சார்ந்தது என்று வினவுதல் முதற்கடமையாகிறது.

பனிப்பாளம் விட்டுச் சென்ற நிலம்

சுவீடன், பின்லாந்துக் காடுகளில் கற்கள் மிகுந்திருப்பதற்குக் காரணம் பனியூழிக் காலம். இறுதிப் பனியூழியில் இந்நிலம் முழுவதும் பனிப்பாளத்தால் மூடப்பட்டிருந்தது. பனிப்பாளம் பாறையைப் பெயர்த்து, அரைத்து, இழுத்துச் சென்று, உருகியபோது ஆங்காங்கே விட்டுச் சென்றது. களிமண் துகள் முதல் வீடளவு பாறை வரை அனைத்தும் கலந்து கிடக்கும் இப்படிவைப் பனிப்படிவு எனலாம். சுவீடனின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இத்தகைய பனிப்படிவாகும்.

படிவினுள் இருந்த கற்கள் மேற்பரப்பில் தோன்றுவதற்கு வேறு இரு காரணங்களும் துணை செய்தன. முதலாவது உறைபனி. குளிர்காலத்தில் மண்ணின் நீர் உறைந்து பருக்கும்போது கல் சிறிது மேலே தூக்கப்படுகிறது. உருகும்போது கல்லின் அடியிலுள்ள வெற்றிடத்தில் நுண்மண் சரிந்து விழுவதால் அது பழைய இடத்திற்கு மீள்வதில்லை. இரண்டாவது கடலலை. பனிப்பாளத்தின் சுமையால் தாழ்ந்திருந்த நிலம் பனி உருகியபின் உயர்ந்தது. சுவீடனின் ‘உயர்கரை’ என்னும் பகுதியில் பழைய கடற்கரையின் தடம் இன்றைய கடல்மட்டத்திலிருந்து 286 மீட்டர் உயரத்தில் உள்ளது. நிலம் கடலிலிருந்து எழுந்தபோது அலைகள் பனிப்படிவின் நுண்மண்ணை அலசிச் சென்றன, பெருங்கற்கள் எஞ்சின.

அறிவியல் விளக்கம் வருவதற்கு முன்னர் இக்கற்களுக்கு மக்கள் தம் வழியில் விளக்கம் தந்தனர். காட்டில் தனித்துக் கிடக்கும் பெரும்பாறையைச் சுவீடன் மக்கள் ‘அரக்கன் எறிந்தது’ என்னும் பொருள்படும் சொல்லால் அழைத்தனர். தேவாலய மணியோசை பொறாத அரக்கர் எறிந்த கற்கள் அவை என்பது கதை. கற்றோரிடையே, மிதந்து சென்ற பனிக்கட்டிகள் சுமந்து வந்தவை அவை என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது. லூயி அகாசி 1840இல் பனியாறுகள் பற்றிய தம் நூலை வெளியிட்டார். சுவீடன் நிலவியல் துறையின் தலைவராயிருந்த ஓட்டோ டொரெல் 1875 நவம்பரில் பெர்லினுக்கு அருகிலுள்ள ரூடர்ஸ்டார்ஃப் சுண்ணப் பாறையில் பனி உராய்ந்த கீறல்களைச் சுட்டிக்காட்டி, வட ஐரோப்பாவை நிலப்பனிப்பாளம் மூடியிருந்தது என்று வாதிட்டார். அதன்பின் துறுகல் நிலத்தின் வரலாற்றுச் சான்றாக மதிக்கப்பட்டது. ஆயினும் அதுவரை யாரும் அதனைக் காடு முழுவதும் முறையாக எண்ணவில்லை.

கல்லும் வரியும்

எண்ணும் தேவை அரசின் கணக்கிலிருந்து பிறந்தது. நாடு தழுவிய கானகக் கணக்கெடுப்பை நார்வே 1919இலும், பின்லாந்து 1921இலும், சுவீடன் 1923இலும் தொடங்கின. பின்லாந்தின் முதற் கணக்கெடுப்பை (1921–1924) யூர்யோ இல்வெசாலோ நடத்தினார். தென்மேற்கிலிருந்து வடகிழக்காக 26 கி.மீ. இடைவெளியில் நேர்கோடுகள் வகுக்கப்பட்டன. கணக்கெடுப்பாளர் அக்கோட்டின் வழியே நடந்து, எதிர்ப்பட்ட காட்டின் தன்மையைக் குறித்துச் சென்றனர். நிலத்தின் வளத்தை மதிப்பிட ஏ. கே. காயாந்தெர் 1909இல் முன்வைத்த கானக வகைக் கோட்பாடு பயன்பட்டது. தரையில் வளரும் செடி கொடி பாசிகளைக் கொண்டு அந்நிலம் எத்தகைய மரத்தை வளர்க்க வல்லது என்று கணிப்பது அக்கோட்பாட்டின் சாரம்.

பின்லாந்தில் 1922 முதல் கானக வரி நிலத்தின் சராசரி விளைவை அடிப்படையாகக் கொண்டு விதிக்கப்பட்டது. உடைமையாளர் அவ்வாண்டு மரம் விற்றாரா இல்லையா என்பது கணக்கில் வராது. நிலம் என்ன விளைக்க வல்லது என்பதே கணக்கு. செடிவகையால் வளமானது எனத் தோன்றும் நிலத்திலும் கற்கள் மிகுந்திருந்தால் வேர் பரவ இடமில்லை. மரம் எதிர்பார்த்த அளவு வளர்வதில்லை. ஆகவே கல் மிகுதி, நீர்த்தேக்கம் முதலிய காரணங்களால் ஒரு நிலத்தின் வரிவகுப்பைக் குறைக்க இடமளிக்கப்பட்டது. கணக்கெடுப்பின் களக் குறிப்பிலும் அக்காரணம் பதிவாயிற்று.

இப்பதிவின் இயல்பை நன்கு உணர்தல் வேண்டும். இங்கே கேட்கப்பட்ட வினா, இந்நிலத்தில் எத்தனை கல் உள்ளது என்பதன்று. கற்களால் விளைவு குறைகிறதா என்பதே. வரிவகுப்பை மாற்றாத கல் ஏட்டில் ஏற வேண்டியதில்லை. 1993ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் மர விற்பனையின் மெய்யான வருவாய்க்கு வரி விதிக்கும் முறையைக் கொணர்ந்தது. பழைய முறையைத் தொடர விரும்பியோர்க்கு 2005 வரை இடைக்கால வாய்ப்பு அளிக்கப்பட்டது. ஏறத்தாழ எழுபதாண்டுகள் கல், வரிச்சலுகைக்கான சான்றாக விளங்கியது எனலாம்.

கல்லும் ஏரும்

இதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு தேவை கல்லை வகுத்தது. சார்லஸ் கெல்லாக் பொறுப்பில் 1951இல் வெளிவந்த மண்ணாய்வுக் கையேடு நிலமேற்பரப்பில் கற்கள் மூடிய பரப்பை விழுக்காட்டால் வகுப்புகளாகப் பிரித்தது. 0.01 முதல் 0.1 விழுக்காடு வரை கல் இருப்பின் உழவுக்கு இடையூறு உண்டு, ஆயினும் பயிரிடலாம். 0.1 முதல் 3 விழுக்காடு வரை இருப்பின் வரிசைப் பயிர் இயலாது, வைக்கோற் புல் வளர்க்கலாம். 3 முதல் 15 விழுக்காடு வரை இருப்பின் இலகுவான கருவிகளும் கைக்கருவிகளும் மட்டுமே செல்லும். அதற்கு மேற்பட்டால் எந்திரம் புகாது. நலிந்த மேய்ச்சலுக்கோ காட்டிற்கோ விடலாம்.

வகுப்புகளின் எல்லைகளை நோக்கின் அவை சீரான இடைவெளியில் அமையவில்லை என்பது புலனாகும். ஏரும் அறுவடை எந்திரமும் எவ்விடத்தில் நிற்கின்றனவோ அவ்விடத்தில் எல்லைக்கோடு இடப்பட்டுள்ளது. ஒரு எக்டேரில் 0.01 விழுக்காடு என்பது 1 சதுர மீட்டர், 60 செ.மீ. விட்டமுடைய கற்கள் மூன்று நான்கு போதும். 3 விழுக்காடு என்பது 300 சதுர மீட்டர். அதே அளவுள்ள ஆயிரத்துக்கு மேற்பட்ட கற்கள் வேண்டும். உழவர்க்கு முதல் மூன்று நான்கு கற்களே பெரிது. காட்டு மரத்திற்கு அவை பொருட்டல்ல. வேளாண் நிலத்தை மையமாகக் கொண்ட இவ்வகுப்பில் காடு, ஏருக்கு உதவாத நிலமாகக் கடைசியில் எஞ்சி நிற்கிறது. எனவே கானக மண்ணை ஆராய்வோர்க்கு இவ்வகுப்பு தேவைப்படும் இடத்தில் நுண்மையற்றும், தேவைப்படாத இடத்தில் நுண்மையாகவும் அமைந்துவிட்டது.

கல்லும் எந்திரமும்

1960களில் வடபுலக் காடுகளில் குதிரையின் இடத்தை எந்திரங்கள் பற்றத் தொடங்கின. வெட்டிய மரத்தைக் குதிரை பெரும்பாலும் பனிக்காலத்தில், கற்களைப் பனி மூடியிருக்கும்போது இழுத்துச் சென்றது. ஆண்டு முழுவதும் இயங்க வேண்டிய எந்திரத்திற்குத் துறுகல் நேரடித் தடையாயிற்று. சுவீடனில் 1969இல் வெளியான கானக நிலக்கிடப்பு வகைப்பாடு, தரையின் தாங்குதிறன், மேற்பரப்பின் அமைப்பு, சரிவு ஆகிய மூன்றையும் தனித்தனியே ஐந்து வகுப்புகளாகப் பகுத்தது. மேற்பரப்பின் அமைப்பை மதிப்பிடத் தடைகளின் உயரமும் செறிவும் கொள்ளப்பட்டன: 10–30, 30–50, 50–70 செ.மீ., 70 செ.மீ.க்கு மேல் என உயர வகுப்புகள் அமைந்தன.

இங்குக் கல்லின் விட்டம் மறைந்து உயரம் முன்னிற்கிறது என்பது கருதத்தக்கது. சக்கரத்திற்கும் வண்டியின் அடிப்பாகத்திற்கும் வேண்டியது தரைக்கு மேலுள்ள உயரமே. மண்ணுள் ஒரு மீட்டர் ஆழம் புதைந்து நுனி மட்டும் தோன்றும் கல் இவ்வகைப்பாட்டில் தடையன்று. மரத்தின் வேருக்கோ அதுவே பெருந்தடை. கல்லின் மேடுகளும் அடிமரக் கட்டைகளும் குழிகளும் ஒரே தடைக்கணக்கில் சேர்ந்ததும் எந்திரத்தின் நோக்கால் நேர்ந்ததே.

இரும்புக் கோல்

மேற்கூறிய மூன்று நோக்குகளும் கண்ணுக்குத் தெரியும் கல்லையே பற்றின. மண்ணுள் மறைந்த கல்லை அளக்கப் பின்லாந்தின் மண்ணாய்வாளர் பி. ஜே. விரோ 1952இல் எளியதொரு முறையை வெளியிட்டார். மெல்லிய இரும்புக் கோலை மண்ணுள் கல் தடுக்கும் வரை, அல்லது 30 செ.மீ. ஆழம் வரை செலுத்த வேண்டும். பல இடங்களில் இவ்வாறு செலுத்திச் சராசரி ஆழத்தைக் காண வேண்டும். அகழ்ந்து அளந்த மண்ணோடு ஒப்பிட்டு அவர் கண்ட சமன்பாட்டின்படி, சராசரி ஆழத்தை 2.75ஆல் பெருக்கி 83இலிருந்து கழித்தால் கற்களின் கனஅளவு விழுக்காடு கிடைக்கும். சராசரி ஆழம் 20 செ.மீ. எனின் கல் 28 விழுக்காடு, 12 செ.மீ. எனின் 50 விழுக்காடு.

இம்முறையின் சிறப்பு அதன் எளிமை. ஒருவர் ஒரு கோலைக் கொண்டு ஒரு மாதிரித் திடலைச் சிறிது நேரத்தில் அளந்துவிடலாம். அதன் எல்லைகளும் அறியத்தக்கன. கோல் முட்டியது சிறு கல்லிலா பெரும்பாறையிலா என்று அது கூறாது, மரவேரும் சிலபோது கல்லாகத் தோன்றும், 30 செ.மீ.க்குக் கீழுள்ளது ஊகமே. கோல் விழ வேண்டிய புள்ளியில் துறுகல் மேற்பரப்பில் கிடப்பின் ஆழம் சுழியம் என்று பதிய வேண்டும். களப்பணியாளர் அதைத் தவிர்த்துப் பக்கத்தில் குத்தினால் கல்லின் அளவு குறைந்து தோன்றும். இக்காரணங்களால் மேற்பரப்புத் துறுகல் பதிவும் கோல் அளவீடும் ஒன்றுக்கொன்று துணையாக வேண்டியனவாயின. சுவீடனின் பனிப்படிவு மண்ணில் இம்முறையின் பொருத்தத்தை 1996, 2009 ஆகிய ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் மீண்டும் ஆராய்ந்தன.

கல்லும் கரிமமும்

1983 முதல் சுவீடன் தன் கானகக் கணக்கெடுப்பின் நிலையான மாதிரித் திடல்களில் மண்ணையும் முறையாக ஆராயத் தொடங்கியது. அமில மழையால் காட்டு மண் கெடுகிறது என்னும் கவலை அக்காலத்தில் மேலோங்கியிருந்தது. மண்ணில் எவ்வளவு சுண்ணமும் பிற ஊட்டங்களும் எஞ்சியுள்ளன என்று கணக்கிடக் கல் போக எஞ்சும் நுண்மண்ணின் அளவு தேவைப்பட்டது. 1997ஆம் ஆண்டுக் கியோட்டோ உடன்பாட்டிற்குப்பின் மண்ணிலுள்ள கரிமத்தின் கணக்கும் நாடுகளின் பொறுப்பாயிற்று. காலநிலை மாற்றத்திற்கான பன்னாட்டு அரசுக் குழு 2003இல் வெளியிட்ட நெறியில், கரிமச் செறிவு, மண்ணடர்த்தி, ஆழம் ஆகியவற்றின் பெருக்கத்திலிருந்து கற்களின் பங்கைக் கழிக்க வேண்டும் என்று சமன்பாட்டிலேயே இடம் தரப்பட்டது.

அக்கழிவின் கனத்தை ஒரு கற்பனைக் கணக்கால் காட்டலாம். 30 செ.மீ. ஆழ மண், நுண்மண்ணின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1 கிராம், கரிமம் 3 விழுக்காடு எனக் கொள்வோம். கல்லே இல்லையெனின் எக்டேருக்கு 90 டன் கரிமம் இருக்கும். கல் 20 விழுக்காடு எனக் கணித்தால் 72 டன். உண்மையில் 40 விழுக்காடு எனின் 54 டன். கல்லைப் பாதியாகக் கணித்தவர் கரிமத்தை உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு மிகுத்துக் காட்டிவிடுகிறார். ஆய்வகத்தில் கரிமத்தை எத்துணை நுட்பமாக அளந்தாலும் இப்பிழை நீங்காது. கற்களையும் மண்ணடர்த்தியையும் முறையாகக் கையாளாமையால் மண் கரிமம் தொடர்ந்து மிகுத்துக் காட்டப்படுகிறது என்று 2017இல் ஜெர்மனியில் போப்லாவ் முதலியோர் வெளியிட்ட ஆய்வு எடுத்துரைத்தது.

இப்பிழைக்கு மற்றொரு வாயில், மாதிரிக் குழி தோண்டும் வழக்கம். மண்வெட்டி கல்லில் பட்டால் பணியாளர் சிறிது விலகித் தோண்டுவது இயல்பு. அவ்வாறு தோண்டிய குழிகள் அனைத்தும் கல் குறைந்த இடங்களையே காட்டும். குழியிலிருந்து எடுத்த மண்ணில் சிறு கற்கள் இருக்கும்; குழியையே நகர்த்திய துறுகல் இராது. துறுகல் எத்துணைப் பெரியதோ அத்துணை எளிதாகக் கணக்கிலிருந்து நழுவுகிறது. அதனை மீண்டும் கணக்கினுள் கொணர்வது மேற்பரப்பில் துறுகற்களை எண்ணிய பதிவே. திடலின் பரப்பு முழுவதையும் நோக்கி எழுதப்பட்ட அவ்வெளிய குறிப்பு, குழி காட்டாததைக் காட்டுகிறது. ஆனால் பாசி மூடிய கல்லும் புதர் மறைத்த கல்லும் கண்ணுக்குத் தப்பும். ஒருவர் ‘மிகுதி’ எனக் குறித்ததை மற்றவர் ‘நடுத்தரம்’ எனக் குறிப்பர். ஆகவே அக்குறிப்பும் வரையறுத்த அளவோடும் பயிற்சியோடும் எழுதப்பட்டாலன்றிப் பயன் தராது.

முடிவுரை

பின்லாந்தின் 1996ஆம் ஆண்டுக் கானகச் சட்டம், பல்லுயிர் வாழ்விற்குச் சிறப்பான இடங்களுள் மரம் குறைந்த கற்பரப்புகளையும் பாறைச் செறிவுகளையும் சேர்த்துள்ளது. விளைவு குறைந்தமையால் வரிச்சலுகை பெற்ற நிலம், அவ்விளைவின்மையாலேயே காப்புக்குரியதாயிற்று. கல் இடம் பெயரவில்லை. அதனைக் கேட்ட வினா மாறியது.

இவ்வாய்வினால் அறியலாகும் செய்திகள் வருமாறு:

1. துறுகல் என்பதன் கீழ்எல்லை 20 செ.மீ., 25.6 செ.மீ., 60 செ.மீ. என நெறிக்கு நெறி வேறுபடுவதால், வரையறையைக் குறிப்பிடாத எண் ஒப்பீட்டிற்கு உதவாது.

2. வரிக்காரர் விளைவையும், உழவர் ஏர் நிற்கும் இடத்தையும், எந்திரம் ஓட்டுவோர் உயரத்தையும், கரிமம் கணிப்போர் கனஅளவையும் நாடினர். ஒருவர் தேவைக்கு எழுதிய வகுப்பை மற்றவர் எண்ணாக மாற்றும்போது இடையில் ஓர் ஒப்பளவு ஆய்வு தேவை.

3. மேற்பரப்பை நோக்கிய பதிவும், கோல் அளவீடும், குழியும் ஒவ்வொன்றும் ஒருவகைக் கல்லைத் தவறவிடுகின்றன. மூன்றும் இணைந்தாலன்றிக் கற்களின் கணக்கு நிறைவுறாது.

4. தமிழில் மண்ணியல் எழுதுவோர் பரல், கல், துறுகல் ஆகிய சொற்களை ஆள்வது தகும். அவை மொழியில் முன்னரே உள்ளவை. அளவு எல்லையை மட்டும் எழுதுவோர் முதலிலேயே அறிவித்தல் வேண்டும். ‘பாறை’ என்னும் பொதுச்சொல்லால் நிலத்தோடு பிணைந்த அடிப்பாறையையும் பெயர்ந்து கிடக்கும் துறுகல்லையும் ஒருசேரக் குறிப்பது, மேலே கண்ட பிழைகளையே தமிழிலும் விளைக்கும்.

பழங்காலக் களக் குறிப்பேடுகள் இன்று காலநிலைக் கணக்கிற்கு மூலமாகின்றன. சுவடியைப் பதிப்பிப்போர் எழுதியவர் காலத்தையும் நோக்கத்தையும் ஆராய்ந்தே பாடம் கொள்வர். காட்டின் கல்லைக் குறித்த ஏட்டிற்கும் அதே நெறி பொருந்தும்.